பொழிமுகத்தில் பங்குனி

மார்ச் 28, பங்குனி 14

ரயில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது நன்றாக விடிந்திருந்தது. காற்றாலைகளுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகள் தெரிந்தன. இந்தப் பக்கம், கும்பப்பூ அறுவடை முடிந்து தாளோடு கிடந்த வயல்களில் உண்ணிக்கொக்குகள் மாடுகளின் காலடியிலேயே நடந்துகொண்டிருந்தன. அவற்றில் நாலைந்தின் தலையிலும் கழுத்திலும் காவி நிறம் ஏறத் தொடங்கியிருந்ததை ஜன்னல் வழியாகவே பார்க்க முடிந்தது. தை மாதத்தில் நான் வரும்போதெல்லாம் இந்தக் கொக்குகள் வெள்ளை வெளேரென்று இருந்திருக்கின்றன.

பெரியம்மாவின் வீடு சுசீந்திரத்துக்கும் மணக்குடிக்கும் நடுவே, பழையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள தோப்பை இந்த ஊரில் விளை என்பார்கள். ஒன்றரை ஏக்கர் விளையில் தென்னையே மிகுதி. இடையிடையே இரண்டு பலா, நாலு மா, ஒரு புளி, கிணற்றடியில் முருங்கையும் வாழையும். அங்கிருந்து தெற்கே சைக்கிள் மிதித்தால் பழையாறு கடலைச் சேரும் மணக்குடிக் காயல் வந்துவிடும். ஆறு கடலில் விழும் வாயைப் பொழி என்றும் பொழிமுகம் என்றும் சொல்வது இங்குள்ளவர்களின் வழக்கம்.

பறவை பார்க்க இந்தக் கோடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கார்த்திகைக்கும் தைக்கும் இடையில்தான் வருகிறார்கள். நானும் இத்தனை ஆண்டுகள் அப்படித்தான் வந்தேன். வலசைப் பறவைகள் வந்து இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவேன். அவை எப்படிப் புறப்படுகின்றன என்பதை ஒருமுறைகூடக் கண்டதில்லை. வடக்கே பனி உருகும் நாடுகளில் இளவேனில் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். நமக்கோ அது விருந்தாளிகள் விடைபெறும் காலம், அதே வேளையில் வீட்டுக்காரர்கள் கூடு கட்டும் காலமும்கூட. கணக்குப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்க வேண்டும். ஆனால் பறவைகள் அதற்குப் பதினைந்து நாள் முன்பே தயாராகிவிடுகின்றன. அந்தப் பதினைந்து நாட்களில் ஆறு நாட்களையாவது இங்கே கழிக்க வேண்டுமென்றுதான் இந்த முறை பங்குனியில் விடுப்பு எடுத்தேன்.

பையை வைத்துவிட்டு விளைக்குள் நடக்கப் போன என்னைப் பெரியம்மா வாசலிலேயே தடுத்தார்.

“மக்களே, தெக்குப் பக்கம் போவாத. ஆள்காட்டி முட்ட போட்டுருக்கு.”

திண்ணையிலிருந்தே பைனாகுலரில் பார்த்தேன். கூடு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. இரண்டு தென்னைகளுக்கு நடுவே வெறும் மண்ணில் உள்ளங்கை அளவு பள்ளம். விளிம்பில் சிறு கற்களும் காய்ந்த ஆட்டுப் புழுக்கைகளும். அதில் நாலு முட்டைகள், கூர்முனை நான்கும் நடுவை நோக்கி இருக்கும்படி அடுக்கியதுபோலக் கிடந்தன. மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகள். கண்ணை ஒரு கணம் எடுத்துவிட்டால் மறுபடி தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆடும் ஆளும் மிதித்துவிடாமல் இருக்கப் பெரியம்மா நாலு பக்கமும் தென்னை மட்டையைப் போட்டு வைத்திருக்கிறார். தேங்காய் வெட்ட வந்தவரிடமும் அந்த இரண்டு மரத்தில் மட்டும் இந்தத் தடவை ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஒரு குலை விழுந்தால் போதும், நாலும் போய்விடும்.

பகல் ஒரு மணிக்கு மேல் நான் கண்டதை இங்கே விரிவாகவே எழுதி வைக்கிறேன். வெயில் தென்னங்கீற்றுகளின் ஊடே நேராக முட்டைகளின் மேல் விழத் தொடங்கியது. அடைகாத்திருந்த பறவை எழுந்து, அவசரமே இல்லாமல், கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தேங்கிய தண்ணீருக்கு நடந்துபோயிற்று. குடிக்கவில்லை. தண்ணீரில் குந்தி, முன்னும் பின்னுமாக உடலை அசைத்து, வயிற்றுச் சிறகுகளை நன்றாக நனைத்துக்கொண்டது. பிறகு எழுந்து, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, கால்களை அகட்டி, ஈர வயிற்றை முட்டைகளின் மேல் மெல்ல இறக்கியது. காலையில் முட்டைக்குச் சூடு கொடுத்த அதே வயிறு, பகலில் அதைக் குளிர்விக்கிறது. மூன்று மணிக்குள் ஜோடியில் இரண்டுமாகச் சேர்ந்து ஏழு முறை அந்தத் தண்ணீருக்கு வந்து போயின. நூல்களில் படித்திருந்தும், கண்ணெதிரே பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மார்ச் 29, பங்குனி 15

குயில் நாலே முக்காலுக்கே கூவத் தொடங்கிவிட்டது. காக்கைகள் புளியமரத்தில் சுள்ளி சேர்க்கின்றன. ஆண்குயில் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பாடுகிறது. புள்ளி போட்ட பெண்குயில் மாமரத்து இலைக்குள் சத்தம் காட்டாமல் உட்கார்ந்து, காக்கை கூட்டை விட்டு நகரும் நேரம் பார்க்கிறது.

விளையின் உண்மையான பாட்டுக்காரன் குயில் அல்ல, சின்னக் குக்குறுவான். ‘குட்ரூ, குட்ரூ’ என்று ஒன்று தொடங்கினால் பக்கத்து விளையில் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். அப்படியே ஆற்றங்கரை வரை போகும். கிணற்றடி முருங்கையில் ஒரு ஜோடி பொந்து குடைகிறது. முருங்கை மெத்தென்ற மரமாதலால் வேலை வேகமாக நடக்கிறது. ஒன்று உள்ளே போய், வால் மட்டும் வெளியே தெரிய நின்று, வாய் நிறைய மரத்தூளோடு பின்னோக்கி வந்து, தலையை உதறித் தூளைக் கொட்டுகிறது. களைத்ததும் மற்றது இடம் மாறிக்கொள்கிறது. அடிமரத்தைச் சுற்றி வெளிர்மஞ்சள் தூள் படிந்திருக்கிறது. பெரியம்மா அங்கே மட்டும் பெருக்குவதில்லை.

இவர்கள் வீட்டுக்காரர்கள். விருந்தாளிகளின் கணக்கு வேறு. பலாமரத்தடிச் சருகில் ஓர் ஆறுமணிக் குருவி இன்னும் இருக்கிறது. காலை ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் முன்பாக இரட்டைச் சீழ்க்கையாக ஒலித்தது; மாலையிலும் அதே நேரத்துக்குத்தான். பெயர் வைத்தவர்கள் நன்றாகக் கவனித்து வைத்திருக்கிறார்கள். சருகை அலகால் புரட்டி, இரண்டு தத்து முன்னால் போய், நின்று, குட்டை வாலை மேலும் கீழும் அசைக்கும். பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு என்று இத்தனை நிறங்கள் இருந்தும் சருகு நிழலில் அது தெரிவதே இல்லை. இந்தக் குருவி மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. இரவில் பறப்பதால் வழியில் களைத்து வீடுகளுக்குள் வந்து விழுவதும் உண்டு. ஓர் ஐப்பசி மழையில் இப்படி ஒன்று அடுக்களைக்குள் வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்ததையும், விடியும் வரை அதன் மேல் ஓலைக் கடவத்தைக் கவிழ்த்து வைத்திருந்து பலாவடியில் விட்டதையும் பெரியம்மா சொன்னார். அன்றிலிருந்து ஆண்டுதோறும் பலாவடியில் ஒன்று இருக்கிறதாம். அதே பறவைதானா என்று என்னால் சொல்ல முடியாது. அவருக்கு ஐயமே இல்லை.

மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான்கள் இருபத்திரண்டு. இன்று வேறு குறிப்பில்லை.

மார்ச் 30, பங்குனி 16

ஐந்தரைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு காயலுக்குப் போனேன். தண்ணீரில் ஊறப் போட்ட கதம்பையின் வாடை முதலில் வந்தது. தேங்காய் மட்டையைத் தும்புக்காக ஊற வைக்கும் அந்த வாடை எனக்குச் சிறுவயதிலிருந்தே காயலின் வாடைதான். அலையாத்திச் செடிகள் கரையோரம் நன்றாக வளர்ந்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இங்கிருந்த பாலத்தையே பெயர்த்தெறிந்தது. மேல மணக்குடிக்கும் கீழ மணக்குடிக்கும் நடுவே இன்று நாம் கடப்பது அதற்குப் பின் கட்டிய பாலம். அதன் மேல் நின்று தெற்கே பார்த்தால் பொழி தெரிகிறது. மழை விட்டு நாளாகிவிட்டதால் ஆற்றுக்கு வேகமில்லை. கடல் மணலைக் கொண்டுவந்து சேர்த்து வாயை ஏறக்குறைய மூடிவிட்டது. ஒரு சிறு ஓடை மட்டும் மணல் திட்டை அறுத்துக்கொண்டு ஓடியது.

அந்தத் திட்டின் மேல்தான் ஆலாக்களும் கடற்காகங்களும் காற்றை எதிர்த்து முகம் வைத்து உட்கார்ந்திருந்தன. பழுப்புத்தலைக் கடற்காகங்களுக்குக் குளிர்காலத்தில் தலை வெள்ளையாகிக் காதருகே ஒரு கறைதான் இருக்கும். இப்போது பாதிக்கு மேல் முழுப் பழுப்புத் தலை. மீசை ஆலாக்களின் வயிறு கரியாகக் கறுத்துக் கன்னத்தில் வெள்ளைக் கோடு துலங்கியது. மீசை என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது ஜனவரியில் மட்டும் பார்க்கிறவர்களுக்குப் புரியவே புரியாது.

அங்கிருந்து உப்பளத்துக்குப் போனேன். இந்தப் பயணத்தின் நடு மையம் அதுதான் என்பதால் பாத்திகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காயல் நீரை முதலில் ஒரு பெரிய தேக்கத்தில் விடுகிறார்கள். அங்கே வெயிலில் வற்றி உப்பு கூடக் கூட அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். கடைசிப் பாத்தியில்தான் உப்பு பூக்கிறது. கடைசிப் பாத்தியில் பறவைக்கு ஒன்றுமில்லை. முதல் தேக்கத்தில் மீனும் இறாலும் உண்டு, அங்கே கொக்கும் நாரையும் நிற்கின்றன. இடைப்பட்ட பாத்திகளின் சேற்றில் புழுக்களும், உப்பு நீரிலேயே பிழைக்கும் ஈக்களின் முட்டைப் புழுக்களும் நெருக்கமாக இருக்கின்றன. ஆர்க்டிக் வரை பறக்க வேண்டிய பறவைகளுக்குக் கட்டுச்சோறு இந்த இடைப்பாத்திகளில்தான் இருக்கிறது.

வரப்பின் மறைவில் குந்தியிருந்து நாலு மணி நேரம் பார்த்தேன். பட்டாணி உப்புக்கொத்திகள் ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும்; அவை கண்ணால் இரை தேடுபவை. அவற்றுக்குப் பக்கத்திலேயே வளைமூக்கு உள்ளான்கள் தலை நிமிராமல் தையல் இயந்திரம் போலச் சேற்றைக் குத்திக்கொண்டே போகின்றன; அலகு நுனியின் உணர்ச்சியால் இரையை அறிபவை அவை. இரண்டும் ஒரே பாத்தியில் சண்டையில்லாமல் மேய்வதற்கு இந்த வேறுபாடே காரணம். சாம்பலாக வந்து சாம்பலாகவே இருந்த வளைமூக்கு உள்ளான்களில் மூன்றிலொரு பங்கு செங்கல் சிவப்பாக மாறியிருந்தது. உப்புக்கொத்தி ஒன்றின் மார்பில் செம்பட்டை குறுக்கே படர்ந்திருந்தது. பைனாகுலரில் பார்க்கும்போது இறகுகளில் பாதி பழையவை, பாதி புதியவை. முகத்தில் ஆறு மாதத்து வெளுப்பும் மார்பில் வரப்போகும் கோடையும் ஒரே உடலில் இருந்தன. குளிர்காலத்தில் எது எது என்று தெரியாமல் நான் தடுமாறிய கூட்டம் இப்போது தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டு நிற்கிறது.

கருவால் மூக்கன்கள் தனியாக, ஆழமான பாத்தியில், வயிறு நனைய நின்றன. மூன்று முறை எண்ணி நூற்று முப்பத்தெட்டு என்று குறித்தேன். நீண்ட நேர் அலகை அடி வரை இறக்கி, சில சமயம் தலையையே நீருக்குள் விட்டுத் துழாவுகின்றன. ஜனவரியில் ஒடிசலாகப் பார்த்த பறவைகள் இவை. இப்போது வயிறு கீழ்நோக்கித் தொங்கும் அளவுக்குக் கொழுத்திருந்தன. அந்தக் கொழுப்புதான் பயணத்துக்கு எரிபொருள். கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். அந்தச் சின்ன உயிரும் தன் எடையில் பாதி வரை கொழுப்பாகச் சேர்த்துக்கொண்டுதான் சைபீரியத் துந்திரத்துக்குப் புறப்படும்.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் என்ன செய்கிறேன் என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அவருக்கு எல்லாமே உள்ளான்தான். அவருடைய அப்பா காலத்தில் கண்ணி வைத்துப் பிடித்துத் தின்றிருக்கிறார்கள். இப்போது யாரும் தொடுவதில்லை என்றார்.

“இன்னும் பத்து பன்னெண்டு நாளுதான். சித்திரைக் கனிக்குப் பாத்தா இதுல பாதிகூட இருக்காது.”

எந்தப் புத்தகமும் இல்லாமல் அவர் சொன்ன கணக்கு, நான் பழைய பட்டியல்களைப் புரட்டிப் போட்டு வைத்திருந்த கணக்கோடு ஒத்துப்போயிற்று.

மார்ச் 31, பங்குனி 17

வெயிலுக்கு முன் தேரூர்க் குளத்துக்குப் போய் வந்தேன். கவிமணி பிறந்த ஊர். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022இல் உலகளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. ஊசிவால் வாத்துகள் ஒன்றுகூட இல்லை. அவை முன்பே போய்விட்டிருக்க வேண்டும். நீலச்சிறகிகள் ஒன்பது மட்டும் தாமரை இலைகளின் ஓரத்தில் மிதந்தன.

அதை ஈடு செய்ததுபோல் நீளவால் இலைக்கோழிகள். மழைக்காலத்தில் மங்கலாகத் திரிந்த இவற்றுக்கு இப்போது நீண்ட வளைந்த கறுப்பு வாலும், பிடரியில் பொன்னிறமும் வந்துவிட்டன. தாமரை இலையில் கால் வைத்தால் இலை சற்றே தாழ்கிறது, நீர் விளிம்பைத் தொடும் முன் அடுத்த இலைக்குப் போய்விடுகிறது. அத்தனை நீண்ட விரல்கள். இவற்றில் பெண்ணே பெரியது. அது ஒரு ஆணுக்கு முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போகும்; அடைகாப்பதும் குஞ்சைக் காப்பதும் ஆணின் வேலை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பெரியம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு, “நல்ல குடும்பம்” என்றார்.

ஏப்ரல் 1, பங்குனி 18

பஞ்சுருட்டான் கம்பி காலையில் வெறுமையாக இருந்தது. இருபத்திரண்டில் ஒன்றும் இல்லை. ஆற்றங்கரை மணல்மேட்டில் நம்மூர்ப் பச்சைப் பஞ்சுருட்டான்கள் மட்டும் வளை தோண்டிக்கொண்டிருந்தன.

பிற்பகலில் உப்பளத்துக்கு மறுபடி போனேன். அங்கே நடந்ததை எழுதாமல் விட முடியவில்லை. பெரிய லென்ஸ் பூட்டிய கேமராவோடு வந்த ஒருவர், மேய்ந்துகொண்டிருந்த கூட்டத்தை நோக்கி வரப்பின் மேல் ஓடிக் கையைத் தட்டினார். பறவைகள் பறக்கும் படம் அவருக்கு வேண்டியிருந்தது. கூட்டம் எழுந்து, சுற்றி, அடுத்த பாத்தியில் இறங்கியது. மறுபடி ஓடினார். மூன்றாம் முறை நான் போய்ச் சொன்னேன். பறவைக்கு என்ன நஷ்டம், பறப்பதுதானே அதன் வேலை என்றார். நஷ்டம் இதுதான்: ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அது சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது, மேயும் நேரமும் போகிறது, போதிய கொழுப்பில்லாமல் தாமதமாகப் போய்ச் சேரும் பறவைக்குக் குறுகிய ஆர்க்டிக் கோடையில் முட்டையிட நாள் கிடைக்காது. மற்ற மாதங்களில் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொந்தரவு பங்குனியில் பொறுக்க முடியாததாகிறது. இதைக் கோபப்படாமல் சொல்ல முயன்றேன். கேமராவை இறக்கிக் கேட்டுக்கொண்டார். அரைமணி நேரம் கழித்து என் பக்கத்திலேயே வந்து வரப்பு மறைவில் அமர்ந்தார். அசையாமல் இருந்ததால் உள்ளான்கள் பத்தடி தூரம் வரை மேய்ந்துகொண்டு வந்தன. அவர் அன்று எடுத்த நல்ல படங்கள் அப்போது கிடைத்தவையாகத்தான் இருக்கும்.

ஐந்தரை மணிக்கு மேல் கருவால் மூக்கன்களிடம் ஒரு நிலைகொள்ளாமை தெரிந்தது. மேய்வதை நிறுத்தின. குளித்தன, இறகு கோதின, ஒன்றையொன்று கூப்பிட்டன. ஒரு கூட்டம் எழுந்து காயலைச் சுற்றிவிட்டு இறங்கிற்று; நாய் இல்லை, பருந்து இல்லை, ஆளும் இல்லை. இரண்டாம் முறை எழுந்தபோது சிலவே இறங்கின. மற்றவை கூவிக்கொண்டே மேலே ஏறின, இன்னும் மேலே ஏறின. ஒழுங்கற்ற கும்பலாக இருந்தது மெல்ல நீண்டு, ஒரு பக்கம் குட்டையான கோணலான அம்புமுனையாக மாறியது. வெள்ளைச் சிறகுப் பட்டைகள் சாய்ந்த வெயிலில் ஒருமுறை மின்னின. வடக்கே, மருத்துவாழ் மலைக்கு மேலாக, பைனாகுலரிலும் தூசியாகும் வரை பார்த்திருந்தோம். ஐம்பத்தாறு என்று நான் எண்ணினேன்; அறுபத்தொன்று என்று அவர் சொன்னார். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

கைகள் நடுங்கியதால் சைக்கிளை வெகுதூரம் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 2, பங்குனி 19

ஆறு மணிக்குப் பலாவடியில் காத்திருந்தேன். ஆறுமணிக் குருவி கூப்பிட்டது, நேற்றையும்விட உரக்க. அது இன்னும் புறப்படவில்லை.

முருங்கைப் பொந்தில் குக்குறுவான் இப்போது வால் நுனிகூட வெளியே தெரியாத ஆழத்துக்குப் போய்விட்டது.

பெரியம்மா அடுக்களைக் காலண்டரில் மார்ச் 8ஆம் தேதியைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். நாலாவது முட்டையைக் கண்ட நாள் அது. ஆள்காட்டி அடைகாக்கும் காலம் ஏறத்தாழ நாலு வாரம். இன்னும் மூன்று நாலு நாளில் பொரிக்க வேண்டும். நான் அதற்குள் ஊரில் இருப்பேன். குஞ்சுகள் பொரித்த அன்றே எழுந்து ஓடிவிடும் என்பதால், போன் செய்யும்போது முதலில் அதைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

ஆட்டோ வந்து வாசலில் நின்றது. வழியனுப்ப வந்தவர் பாதியில் திரும்பிக் கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி தண்ணீர் இறைத்துத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஊற்றினார். மணி பத்துதான் ஆகியிருந்தது. வெயில் இன்னும் தெற்கு விளைக்கு வரவில்லை.

“மத்தியானம் நான் தூங்கிப் போனாலும் போவேன்” என்று சொல்லிவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஆட்டோவரை வந்தார்.